ஐந்து மில்லிமீற்றர்

பேத்தி பள்ளிப் பையைக் கவிழ்த்தபோது அடிமட்டம் ஒன்று வழுக்கிவந்து என் தேநீர்க் கோப்பையில் முட்டி நின்றது. பதினைந்து சென்ரிமீற்றர் நீளம், ஊடு தெரிகிற பச்சை பிளாஸ்ரிக். அவள் அதை 'லீனியால்' என்பாள். நான் அடிமட்டம் என்றால் சிரிப்பாள். இதில் அடி எங்கே இருக்கிறது என்று கேட்பாள். அடுத்த கிழமை அவளுக்கு வகுப்புச் சுற்றுலா. ஆசிரியை அனுப்பிய கடிதத்தில் மழைச்சட்டை, தண்ணீர்ப் போத்தல், நடக்கிற சப்பாத்து, நெருப்பில் சுட்டுச் சாப்பிட ஒரு செர்வலா சொசேஜ் என்று வரிசையாக எழுதியிருந்தது. போகிற இடம் ரூட்லி.

அந்தப் பெயரைக் கண்டதும் கை தானாக அடிமட்டத்தை எடுத்தது. பூச்சியத்திலிருந்து ஐந்தாவது சின்னக் கோடு வரைக்கும் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். நகத்தின் பாதிகூட வரவில்லை.

"என்ன அம்மப்பா அளக்கிறீங்கள்?"

"என்ரை காணியை" என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சுவிசுக்கு வந்த புதிதில், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை திங்களில்தான் வரும். நாங்கள் நாலு பேரும் பேர்ன் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டில் நின்றவர்கள். ஊர் ஓய்வெடுக்கிற நாளில்தான் கோப்பை மலையாகக் குவியும். திங்கள் கடை பூட்டு. எல்லோரும் வேலைக்குப் போன நகரத்தில் நாங்கள் மட்டும் வெளுத்த சேர்ட்டோடு, எங்கே போவதென்று தெரியாமல் ஸ்ரேசன் பக்கம் உலாத்துவோம்.

எங்களுக்குள் சொந்தப் பெயர்கள் புழக்கத்தில் இல்லை. மாஸ்ரர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே கோப்பை கழுவினார். ஒவ்வொரு கோப்பையையும் எண்ணிக்கொண்டே கழுவுவார். எண்ணாவிட்டால் விசர் பிடித்துவிடும் என்பார். புங்குடுதீவார் சலாட் வெட்டுகிறவர். முன்னர் குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஓடிய வள்ளமொன்றில் நின்றவர். தண்ணீரைப் பற்றி யார் பேசினாலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைப்பார். தம்பிக்குப் பத்தொன்பது வயது. வந்து ஒரு வருடம், அகதி வழக்கு முடியவில்லை, சட்டைப் பையில் வழக்கு நடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற 'என்' அட்டை. நான் உருளைக்கிழங்கு உரிப்பவன். மனைவியையும் நாலு வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவன்.

லுசேர்ன் ஏரிக்குப் போவோம் என்று தொடக்கியவன் தம்பிதான். அவனுடைய சமையலறைச் சுவரில் தொங்கிய கலண்டரில், நீல ஏரியில் வெள்ளைக் கப்பலொன்று மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்ததாம். மாதம் மாறியும் யாரும் தாளைக் கிழிக்கவில்லை.

புங்குடுதீவார் முதல் நாள் இரவு வேலை முடிந்து வந்து, பன்னிரண்டு மணிக்குப் பிறகு புட்டு அவித்துக் கோழிக்கறி வைத்திருந்தார். கறிச் சட்டியைத் துவாயால் சுற்றி, அதற்குமேல் பத்திரிகைத் தாள் சுற்றி, இரண்டு பிளாஸ்ரிக் பைக்குள் இறக்கி, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தார். என்ட்லபுக் பள்ளத்தாக்கின் பச்சையை மற்ற மூவரும் யன்னலோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவர் மட்டும் எதிரில் இருந்த மனிதரின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். மூக்கு அசைந்தால் பையின் வாயை இன்னொரு சுற்றுச் சுற்றுவார். எங்கள் பயம் அப்படி இருந்தது. பொலிஸ் கேட்பதற்கு முன்பே எங்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடியது கறி மணம்.

இன்றைக்கு அதே ஏரிக்கரைகளில் எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து, இறைச்சியில் மிளகாய்த்தூள் பிரட்டிச் சுடுகிறார்கள். பக்கத்து அடுப்பில் நிற்கிற சுவிஸ்காரர் ஒரு துண்டு கேட்டு வாங்குகிறார். புங்குடுதீவார் சுற்றிய துவாயை நினைத்துக்கொள்வேன்.

லுசேர்னில் கப்பலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. ஸ்ரேசனை விட்டு வெளியே வந்தால் கண் முன்னே அந்த மரப்பாலம், கப்பெல்புருக்கே. ஏரியை விட்டு ரொய்ஸ் ஆறு வெளியேறுகிற இடத்தில், குறுக்கே நேராகப் போகாமல் சாய்ந்து வளைந்து போகிறது. பதினாலாம் நூற்றாண்டில் கட்டியது. பக்கத்தில் எட்டுப் பக்கமுள்ள கற்கோபுரம் தண்ணீருக்குள் நிற்கிறது. கூரைக்குக் கீழே, வளைகளுக்கு இடையில், முக்கோண மரப்பலகைகளில் பதினேழாம் நூற்றாண்டுச் சித்திரங்கள்: ஊரின் கதை, புனிதர்களின் கதை. அண்ணாந்துகொண்டே நடந்ததில் எதிரே வந்தவர்களோடு மோதினோம். பழைய மரத்தின் வாசம் வந்தது. ஊரில் நெல்லுப் பெட்டகத்தைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு வாசம். தம்பிக்கு அந்தப் படங்களில் அக்கறை இல்லை.

"சிங்கம் எங்கை இருக்காம் மாஸ்ரர்? சாகிற சிங்கம் ஒண்டு இருக்காம். அதை நான் பாக்கத்தான் வேணும்."

அவன் எந்தக் கொடியின் சிங்கத்தை நினைத்துச் சொல்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் சிரித்தோம். மாஸ்ரர் சிரிக்கவில்லை. கையில் நூலகத்தில் எடுத்த வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. "அது அந்தச் சிங்கமில்லை, தம்பி. பிரான்ஸ் ராசாவுக்குக் காவல் நிண்ட சுவிஸ்காரர், 1792இல பாரிசில செத்தவை. அவைக்காகக் கல்லில வெட்டினது. இஞ்சை கஞ்சிக்கு வழியில்லாமல் பிற தேசத்துக்குக் கூலிப்படையாப் போன சனம் அது."

"இவங்களோ? கஞ்சிக்கு வழியில்லாமலோ?" என்று தம்பி ஆற்றங்கரையின் நகைக்கடைகளைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்குச் சிங்கத்தைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. பாறையின் முகத்தில் குடைந்த அந்த விலங்கை, ஈட்டி முறிந்து விலாவில் நிற்க அது முகத்தைச் சாய்த்துக் கிடப்பதை, பல வருடங்களுக்குப் பிறகுதான் பார்த்தேன். மாதிரியை வடிவமைத்தவர் டென்மார்க்கின் தொர்வால்ட்சன். முன்னே நிற்கிற எவரும் உரத்துப் பேசுவதில்லை.

பாலத்தடியில் மனைவிக்கு ஒரு தபாலட்டை வாங்கினேன். யாழ்ப்பாணத்துக்கு அப்போது மின்சாரம் இல்லை, ஒழுங்கான தபாலும் இல்லை. போய்ச் சேருமா என்று தெரியாமலே எழுதுவது பழகியிருந்தது. "இதில் நடந்தேன்" என்று மட்டும் எழுதினேன்.

கப்பலின் பெயர் ஷில்லர். 1906இல் கட்டிய நீராவிக் கப்பல், இரண்டு விலாவிலும் சக்கரம். மேல்தட்டு முதலாம் வகுப்பு என்று தெரியாமல் தம்பி படியேறிப் போய்ப் பிரம்புக் கதிரையில் சாய்ந்துவிட்டான். ரிக்கற் பார்க்கிறவர் தொப்பியைத் தொட்டு வணங்கி, அதே மரியாதையோடு அவனைக் கீழே கொண்டுவந்து விட்டார். "மேல கொஞ்சம் காத்துக் கூட. வேற ஒண்டுமில்லை" என்றான்.

உண்மையில் பார்க்கவேண்டியது கீழ்த்தட்டில்தான் இருந்தது. கப்பலின் நடுவில் தளம் திறந்து கிடந்தது. கைபிடியில் சாய்ந்து குனிந்தால் இயந்திரம் முழுவதும் தெரியும். தொடையளவு தடித்த இரும்புத் தண்டுகள் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு போய்வந்தன. பித்தளையெல்லாம் கோயில் குத்துவிளக்குப்போலத் துலக்கியிருந்தது. அனலோடு எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. புங்குடுதீவார் கறிப்பையை என்னிடம் தந்துவிட்டு அங்கேயே நின்றார். வெகிஸ் வந்தது, போனது. அடுத்து விற்ஸ்நவ், அங்கிருந்துதான் ரிகி மலைக்குப் பற்சக்கர ரயில் ஏறுகிறது, 1871இல் ஐரோப்பாவிலேயே முதலில் மலையேறிய பற்சக்கர ரயில் அதுதான் என்று மாஸ்ரர் வாசித்துக் காட்டினார். புங்குடுதீவார் நிமிரவில்லை. எண்ணெய் விடுகிற மனிதன் தண்டு தண்டாகத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டு நடந்தான். "அவன் கையால கேக்கிறான்" என்றார் புங்குடுதீவார். பிறகு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அவருடைய வள்ளம் என்னவாயிற்று என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் பழைய ஆளாகிவிட்டார்.

"எவ்வளவு ஆழமாம்?"

"ஆகக் கூடினது 214 மீற்றர்" என்றார் மாஸ்ரர்.

"வீண். எங்கட பரவைக் கடலில இறங்கி நடந்து போய் மீன் பிடிக்கலாம். இதுக்குள்ள விழுந்தா நேரே பாதாளந்தான்." கப்பல் ஒரு துறையில் நின்றபோது இறங்கி, படியில் குந்தி, ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஏறினார். "சொன்னனான். உப்புமில்லை."

அந்த ஏரி ஒரே பார்வையில் அகப்படாது. ஒரு மலையைச் சுற்றினால் முடிந்துவிட்டது என்று நினைப்போம், அடுத்த கை திறக்கும். ஜேர்மன் மொழியில் நாலு காட்டு மாநிலங்களின் ஏரி என்றுதான் பெயர். புருன்னனில் தெற்கே திரும்பியதும் எல்லாம் மாறியது. இருபக்கமும் மலை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியது. நீலம் கறுத்தது. திரும்பிய இடத்தில் தண்ணீரிலிருந்து ஒற்றைப் பாறையொன்று எழுந்து நின்றது. பொன் எழுத்தில் ஷில்லரின் பெயர். வில்லியம் தெல் நாடகத்தை எழுதியவருக்கு 1859இல் இந்த நாட்டின் மூன்று ஆதி மாநிலங்கள் செய்த மரியாதை. ஷில்லர் என்ற கப்பலில் நின்று ஷில்லர் பாறையைப் பார்த்தோம். மனிதர் இந்த நாட்டுக்கு ஒருதரமும் வந்ததில்லை என்று மாஸ்ரர் சொன்னார்.

"அப்ப அவருக்கு விசா குடுக்கேல்லைப் போல" என்றான் தம்பி.

ரூட்லியில் இறங்கினோம். வாகனம் போகாத இடம். படகில் வரவேண்டும், அல்லது நடந்து வரவேண்டும். கொஞ்சம் ஏறினால் ஒரு புல்வெளி, ஒரு கொடிக்கம்பம், ஒரு பழைய வீடு, கழுத்துமணி கட்டிய மாடுகள். அவ்வளவுதான். 1291இல் ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் ஆகிய மூன்று பள்ளத்தாக்கின் ஆட்கள் இங்கே கூடிச் சத்தியம் செய்து கூட்டுச் சேர்ந்தார்கள் என்பது இந்த நாட்டின் பிறப்புக் கதை. சிலை, கோபுரம், மண்டபம் என்று தம்பி எதிர்பார்த்திருந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே விடுதி கட்ட ஏற்பாடு நடந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து நிலத்தை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார்களாம். புல்லைப் புல்லாகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

"ஒப்பந்தம் எழுதினதோடை சரியோ? பிறகு கிழிக்கேல்லையோ?" என்றார் புங்குடுதீவார். எங்கள் தலைமுறைக்கு ஒப்பந்தம் என்றால் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் எழுதி, பிறகு கிழிபட்டதுதான் நினைவுக்கு வரும். மாஸ்ரர் பதில் சொல்லவில்லை.

மாட்டுப் பட்டியின் ஓரத்தில் தாளை விரித்துப் புட்டும் கறியும் சாப்பிட்டோம். வெட்ட வெளி, காற்று, ஒருவரும் பக்கத்தில் இல்லை. கறி ஆறியிருந்தது. அந்த ருசி பிறகு ஒருநாளும் வாய்க்கவில்லை. கை கழுவப் போன தம்பி, ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டு திரும்பினான். எழுபது வயதிருக்கும், நடைத்தடி, முதுகில் பை. எங்களுக்காக மெதுவாக, புத்தக ஜேர்மனில், பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்தப் புல்லிலிருந்து ஒரு பாதை தொடங்குகிறது. ஏரியின் இந்தக் கையைச் சுற்றி, மலையேறி இறங்கி, எதிர்க்கரைப் புருன்னன் வரைக்கும் 35 கிலோமீற்றர். நாட்டுக்கு 700 வயதான 1991இல் திறந்தார்கள். பாதையை எல்லா மாநிலத்துக்கும் பங்கு பிரித்திருக்கிறார்கள்: கூட்டில் சேர்ந்த வரிசையில், சனத்தொகைப்படி. இந்த நாட்டில் வசிக்கிற ஒவ்வோர் ஆளுக்கும் ஐந்து மில்லிமீற்றர். பெருவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டக் கொண்டுவந்து அளவு காட்டினார். அவர் போனபிறகும் அந்த விரல்கள் எங்கள் நடுவில் நின்றன.

மாஸ்ரர் புல்லில் இருந்தபடியே கண்ணை மூடிப் பெருக்கினார். "அறுபத்தெட்டு லட்சம் சனம். தர ஐந்து மில்லிமீற்றர். 34 கிலோமீற்றர். கணக்குச் சரி." கண்ணைத் திறந்தார். "கணக்குச் சரி எண்டால் வெளிநாட்டுக்காரரையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கினம். இல்லாட்டி இவ்வளவு நீளம் வராது."

நாலு பேரும் எழும்பிவிட்டோம்.

"அப்ப எனக்கும் ஐந்து மில்லிமீற்றர் இருக்கோ?" என்றான் தம்பி.

"நீ வந்ததே போன வருசம். அதுக்கு முதல் எண்ணியிருப்பினம்."

"உங்களுக்கு?"

"நான் இருந்தனான். ஆனா அகதி வழக்கு முடியாத ஆக்களை எண்ணினவையோ ஆருக்குத் தெரியும்?"

"ஆர் எண்ணினாலென்ன எண்ணாட்டியென்ன, வரியை மாசாமாசம் சம்பளத்திலை வெட்டுறாங்கள். அப்ப எனக்கு இருக்கு" என்று புங்குடுதீவார் தீர்ப்புச் சொன்னார்.

கறிச் சட்டியைக் கட்டிக்கொண்டு பாதையில் ஏறத் தொடங்கினோம். முதல் துண்டு ஊரி மாநிலத்துக்கு. இந்த ஏரிக் கையின் பெரும்பகுதியை வைத்திருக்கிற ஊரிக்குச் சனம் 34,000 அளவுதான். பங்கு ஏறத்தாழ 170 மீற்றரோடு முடிந்தது. எல்லையில் கல் பதித்து மாநிலத்தின் பெயர் வெட்டியிருந்தார்கள். அடுத்தது ஷ்வீட்ஸ். எங்கள் பேர்ன் துண்டு எங்கோ தூரத்தில். போய்ச் சேர நேரமில்லை.

தம்பி திடீரென்று பாதையில் நீட்டி நிமிர்ந்து படுத்தான். "மாஸ்ரர், நான் எத்தினை பேருக்கு மேலை படுத்திருக்கிறன்?"

"உன்ரை உயரம்?"

"165."

"முந்நூற்று முப்பது பேர். எழும்படா, பாவம்."

அதோடு பைத்தியம் பிடித்துவிட்டது எங்களுக்கு. ஒரு சப்பாத்து ஐம்பத்துநாலு பேர். ஓர் எட்டுக்கு நூற்றைம்பது பேர். புங்குடுதீவார் ஒவ்வோர் எட்டுக்கும் "மன்னியுங்கோ, மன்னியுங்கோ" என்று இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நடந்தார். எதிரே இறங்கி வந்த இரண்டு பேர், அதை எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். வயிறு நோகச் சிரித்தோம். வந்த நாளிலிருந்து நாலு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததில்லை.

மேலே சீலிஸ்பேர்க் ஊரில் இருந்து கயிற்று ரயிலில் ட்றைப் துறைக்கு இறங்கி, கடைசிக்கு முந்திய கப்பலைப் பிடித்தோம். திரும்பி வரும்போது தம்பி தூங்கிவிட்டான். அவனுடைய கழுத்துப் பட்டியில் புல்லுத் துகள் ஒட்டியிருந்தது.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு காலை, மாஸ்ரர் தெருவோர ரெலிபோன் பெட்டியிலிருந்து நான் வேலைசெய்த கடைக்கு எடுத்தார். அப்படி எடுப்பது வழக்கமில்லை. "பாலம் எரிஞ்சு போச்சு" என்றார். எந்தப் பாலம் என்று கேட்கவில்லை. 1993 ஓகஸ்ட் 18. பாலத்தின் பெரும்பகுதியும் நாங்கள் அண்ணாந்து பார்த்த சித்திரங்களில் அனேகமும் ஓர் இரவில் போய்விட்டன. சிகரெட் துண்டு என்று பேசிக்கொண்டார்கள். மாஸ்ரர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். காசு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த மறுநாள், சாம்பலைப் பார்க்கச் சைக்கிளில் போனவர் அவர். அதை இருவரும் சொல்லவில்லை.

எட்டு மாதத்தில் பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்தார்கள்.

மனைவியும் மகளும் வந்துசேர்ந்த முதல் கோடையில் லுசேர்னுக்குக் கூட்டிப் போனேன். மனைவி கைப்பையிலிருந்து ஒரு தபாலட்டையை எடுத்தாள். மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்து, பல கைகள் மாறி ஐந்து மாதத்துக்குப் பிறகு கிடைத்ததாம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் காணி உறுதியோடு சேர்த்துக் கொண்டு திரிந்திருக்கிறாள். அட்டையைப் பாலத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கரையோரம் பழைய கறுத்த மரம். நடுவில் புது மரம் வெளிறிக் கிடந்தது.

"நீங்கள் நடந்தது இதிலையோ, இதிலையோ?" என்று அட்டையையும் பாலத்தையும் மாறிமாறிக் காட்டினாள்.

தம்பியின் வழக்கு ஆறு வருடம் இழுத்துக் கடைசியில் வென்றது. இப்போது அவனும் தலை நரைத்தவன். சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை, திங்கள் பூட்டு. புங்குடுதீவார் சுவிஸ் குடியுரிமை எடுத்து, அந்தக் கடவுச்சீட்டோடு இங்கிலாந்துக்குப் போனார். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக என்றார். லண்டனில் நல்ல முருங்கைக்காய் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். போன வருடம் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பாதை முடிகிற புருன்னனில், வெளிநாடுகளில் வாழும் சுவிஸ்காரருக்கென்று ஏரிக்கரையில் ஒரு திடல் இருக்கிறதை எங்கோ கண்டுபிடித்துவிட்டார்.

"டேய், அங்கை இருக்கேக்கை அஞ்சு மில்லிமீற்றர். விட்டிட்டு வந்தாப் பிறகு எனக்கு ஒரு திடலே கிடக்கு!"

மாஸ்ரர் மட்டும் குடியுரிமை எடுக்கவில்லை. விண்ணப்பத் தாளை இரண்டு தரம் நிரப்பி இரண்டு தரமும் லாச்சிக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். எண்பதை நெருங்குகிறார். ஆற்றுக்கு அப்பால் முதியோர் வீடமைப்பில் தனியே இருக்கிறார், படிகளை எண்ணிக்கொண்டு ஏறுகிறார்.

இவ்வளவையும் பேத்திக்குச் சொல்லிமுடிக்க இரண்டு தேநீர் ஆயிற்று. அவள் கதையில் வந்த மனிதர்களை விட்டுவிட்டாள், கணக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அம்மப்பா, இப்ப ஒன்பது மில்லியன் ஆக்கள் இருக்கினம். ரீச்சர் சொன்னவா. அப்ப பாதையை நீட்டினவையா?"

நீட்டவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. மாஸ்ரருக்கு எடுத்துப் போனை அவளிடம் கொடுத்தேன். கேள்வியை ஜேர்மனும் தமிழும் கலந்து அவள் திரும்பச் சொன்னாள். மறுபக்கம் அமைதி. கண்ணை மூடியிருப்பார்.

"3.9 வரும், பிள்ளை" என்ற குரல் எனக்கும் கேட்டது. "எல்லாரையும் கொஞ்சம் ஒதுங்கி இருக்கச் சொல்லு."

அவள் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அடிமட்டத்தின் மேல் குனிந்தாள். மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் அதில் கோடு இல்லை.